மரத்தின் மேல் வலை போடும் முன்: பழத்தோட்டக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழத்தோட்டம் வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்திதான். மாந்தோப்பில் வளர்ந்தவள், இப்போது அப்பாவோடு சேர்ந்து அதே தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன். காய் முற்றுகிற நேரத்தில் வௌவாலும் கிளியும் தின்றுவிடாமல் இருக்க மரங்களின் மேல் மெல்லிய நைலான் நரம்பு வலையைப் போர்த்துகிறோமே, அதைப் பற்றித்தான் இந்த மடல். அந்த வலையை இனி வாங்காதீர்கள், கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நாங்களும் போட்டவர்கள்தான். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் காய் பார்க்கப் போனேன். ஓரத்து மரத்தின் வலையில் கந்தல் துணி மாதிரி ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டே போனால் கூகை. அந்த வெள்ளை முகம் மட்டும் என் பக்கம் திரும்பியது. இறக்கைக்குள் நரம்பு புகுந்து, திமிறத் திமிற இறுகி, தோலை அறுத்து எலும்பு வரை இறங்கியிருந்தது. நேர் கீழே புல்லில் ஒரு எலி செத்துக் கிடந்தது. இரையோடு திரும்பும்போது மாட்டியிருக்கிறது. அப்பா கத்தரிக்கோலை எடுத்துவந்து ஒவ்வொரு கண்ணியாக வெட்டினார். அலகால் அவர் கையைக் கொத்தக்கூட அதற்குத் தெம்பு இல்லை. மதியத்துக்குள் செத்துப்போனது. அடுத்த இரண்டு இரவும் அதன் ஜோடி மோட்டார் அறைக் கூரையில் வந்து உட்கார்ந்து கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அப்பா திண்ணையை விட்டு உள்ளே போகவில்லை.

இளங்கன்றுகளின் அடிப்பட்டையை எலி கடித்துவிடுகிறது என்று அலுத்துக்கொள்கிறோம். அந்த எலியை இரவெல்லாம் பிடித்துக்கொண்டிருந்த பறவையை நம் கையாலேயே கொன்றோம். அதற்கு அப்புறம்தான் தோப்புக்குள் எந்தக் காலத்தில் யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

பூக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். அதில் பெரும்பகுதி ஆண் பூ. காயாகி நிற்பது ஒன்றோ இரண்டோ, பல கொத்துகளில் அதுவும் இல்லை. அந்த ஒன்றிரண்டுக்கும் மகரந்தம் கொண்டுவருவது தேனீ மட்டுமல்ல, நாம் கையை வீசி விரட்டுகிற ஈக்களும்தான். காலையில் ஒரு கொத்தின் முன்னால் பத்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். தேனீ போலவே மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட மிதவை ஈ, அந்தரத்தில் அப்படியே நின்று, சட்டென்று பூவில் இறங்கும். அதற்குக் கொடுக்கு கிடையாது, கொட்டாது. சில மிதவை ஈக்களின் புழுக்கள், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று வளர்கின்றன. பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிக்குப் பயந்து பூ விரிந்த காலையிலேயே மருந்தடித்தால் இந்த ஈயும் சேர்ந்து சாகிறது. அடித்தே ஆகவேண்டும் என்றால் பூ விரியும் முன்பு அடியுங்கள், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள்.

பிஞ்சுக்காலம் வந்தால் முசுறு. பச்சை இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுவையே வாயில் கவ்விக்கொண்டு, அந்தப் புழு விடும் பட்டு இழையால் கூடு தைக்கிற எறும்பு. கடிக்கும், அதனால் மரம் ஏறுகிறவர்களுக்குப் பிடிக்காது. மாவுப்பூச்சியைக் காவல் காத்து அது வெளியேற்றும் இனிப்பான கழிவைக் குடிக்கும், அதுவும் ஒரு குறைதான். ஆனால் காயில் முட்டையிட வரும் பழ ஈயை இது விரட்டிவிடும். சீனத்தில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இந்த எறும்புக் கூடுகளை விலைக்கு வாங்கி மரத்தில் கட்டியதாக கி.பி. 304-ஐ ஒட்டிய குறிப்பே இருக்கிறது. நம் காலத்திலும் வட ஆஸ்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலும் மாந்தோப்புகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். முசுறு நிறைந்த மரங்களில் பழ ஈச் சேதம் குறைவாக இருந்தது. நாங்கள் இப்போது தோப்பின் பாதியில் முசுறுக் கூட்டைக் கலைப்பதில்லை. அறுவடை அன்று மட்டும் கைகால் மூடி ஏறுகிறோம்.

அறுவடை முடிந்து மரம் ஓய்வெடுக்கும் காலத்தில் கவாத்து செய்வோம். அப்போது காய்ந்த கிளை ஒன்றையாவது விட்டுவையுங்கள். அதில்தான் குக்குறுவான் பொந்து குடைகிறது. அது விட்டுப்போன பொந்துக்கு அப்புறம் வேறு பறவைகள் குடிவரும். பழைய மரத்தின் பெரிய பொந்தில் புள்ளி ஆந்தை இருக்கும். பொந்தைச் சிமெண்டு போட்டு அடைப்பதற்கு முன் ஒரு தரம் உள்ளே பாருங்கள்.

சரி, வலை போடுவதே வௌவாலுக்காகத்தானே என்று கேட்பீர்கள். வௌவால் பழம் தின்னாது என்று நான் சொல்லமாட்டேன். தின்னும், விடிந்து பார்த்தால் மனசு வலிக்கும். ஆனால் அது பெரும்பாலும் வாசம் பிடித்து வருவது பழுத்த பழத்துக்கு. நாம் பறிப்பது முற்றிய பச்சைக் காயை. பறிக்கத் தாமதமாகும் மரத்தில்தான் அதற்கு விருந்து. ஒரு மரத்துக் காயை ஒரேயடியாகப் பறிக்காமல் இரண்டு மூன்று தரமாக, முற்ற முற்றப் பறித்தாலே பாதி வம்பு குறைகிறது. எங்கள் தோப்பில் அப்படித்தான் குறைந்தது.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். உதிர்ந்து கிடக்கும் பழத்தை எல்லாம் வௌவால் கணக்கிலும் கிளி கணக்கிலும் எழுதாமல், நாலைந்தை அறுத்துப் பாருங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. அதற்கு வலையால் ஒன்றும் ஆகாது. அந்தப் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை ஈயாக வெளியே வரும். உதிர்ந்ததை அன்றன்றைக்கே பொறுக்கி ஆழக் குழி தோண்டிப் புதைப்பதும், ஆண் ஈயை இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறியைத் தொங்கவிடுவதும்தான் அதற்கு வழி. நாங்கள் வெகுகாலம் பழியை வௌவால் மேல் போட்டுக்கொண்டு, புழு விழுந்த பழத்தை மரத்தடியிலேயே அழுகவிட்டிருக்கிறோம். அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

பெரிய பழந்தின்னி வௌவால் வழக்கமாக வருடத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். பிறந்த குட்டியைச் சில வாரங்கள் வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டே பறக்கும். அந்தச் சமயத்தில் தாய் வலையில் மாட்டினால் சாவது இரண்டு உயிர். எண்ணிக்கை குறைந்தால் திரும்ப ஏறுவது அவ்வளவு கடினம். மொரீஷியசில் மா, லிச்சித் தோட்டங்களைக் காக்கிறோம் என்று 2015-லும் 2016-லும் அரசே பல்லாயிரம் வௌவால்களைக் கொன்றது. 2018-ல் அந்த இனம், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில் அருகிவரும் இனமாக ஏறிவிட்டது. துரியன் தோட்டக்காரர்களைக் கேளுங்கள், அந்தி சாய்ந்து விரியும் அந்தப் பூவுக்கு வௌவால் வராவிட்டால் காய் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று சொல்வார்கள்.

வலை கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் வலையை மாற்றுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து வீட்டுப் பழமரங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. இழுத்துப் பிடித்தபோதும் வலையின் கண்ணி நீளத்திலும் அகலத்திலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. விரலை நீட்டிப் பாருங்கள், உள்ளே நுழைந்தால் அந்த வலை வேண்டாம். இரவிலும் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை நிறத்தில் தடித்த பின்னலாக வாங்குங்கள். மரத்தின் மேல் அப்படியே எறியாமல் சட்டம் கட்டி விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று தொங்கினால்தான் இறக்கை சிக்கும். சின்னத் தோட்டம் என்றால் வலையே தேவையில்லை. காய்க்குக் காய் காகித உறை போட்டுவிடலாம், பழ ஈக்கும் அதே உறை தடுப்பு. தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவர்கள், நரம்பு வலை கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பல தோப்புகளில் உரிமையாளருக்குத் தெரியாமலே வலை ஏறுகிறது.

ஏற்கெனவே நரம்பு வலை போட்டிருக்கிறீர்கள் என்றால் உடனே கழற்ற முடியாமல் இருக்கலாம், புரிகிறது. அதுவரை பொழுது சாய்ந்ததும் ஒரு தரம், படுக்கும் முன் ஒரு தரம், விடியும் முன் ஒரு தரம் டார்ச் எடுத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். கத்தரிக்கோலும், கண்ணை மூட ஒரு தடித்த துணியும் கையில் இருக்கட்டும். மாட்டியதை இழுக்காதீர்கள், நூலை வெட்டுங்கள். வௌவால் என்றால் வெறும் கையால் தொடவே கூடாது. அதன் எச்சிலில் நிபா போன்ற நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும், கடித்தால் வெறிநோய் அபாயமும் உண்டு. விலங்கு மீட்பில் பழகியவர்களையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். வௌவால் கடித்துப் போட்ட பழத்தைக் குழந்தைகள் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மோட்டார் அறை மாடத்துக்கு மூன்று வருடம் எதுவும் வரவில்லை. போன மாதம் தரையில் கறுப்பாக, முடியும் எலும்பும் சேர்ந்த உருண்டை ஒன்று கிடந்தது. கூகை கக்கியது. அப்பா அதைக் குச்சியால் பிரித்து, எலியின் மண்டையோடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருடமும் எங்கள் மரங்களில் நரம்பு வலை கிடையாது.

அன்புடன்,
ஒரு மாந்தோப்பு விவசாயி