எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் எங்கள் அணி முதன்முறையாக அரையிறுதி வரை போனது. அதற்கு முன்பெல்லாம் முதல் ஆட்டத்திலேயே தோற்று, மத்தியானத்துக்குள் பெட்டியைக் கட்டிவிடுவோம். இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் எங்களை வாழ்த்துகிறார்கள். அந்த வாழ்த்தில் பாதி போய்ச் சேர வேண்டிய ஆட்கள் வேறு இருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது நாங்கள் முதலாமாண்டு. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் கோர்ட் முழுக்கச் சேறு, கோடு ஒன்றும் தெரியவில்லை. பழைய மாணவியரான அக்காமார் மண்வெட்டியோடு வந்து வழித்துப் போட்டார்கள். பெயின்டர் மாமா டேப் பிடித்து 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் என்று அளந்து புதுக்கோடு போட்டார். ஃப்ரீ த்ரோ கோடு, அதாவது எதிரணி தப்பு செய்தால் யாரும் மறிக்காமல் நின்று எறிகிற கோடு, ரிங் மாட்டிய போர்டிலிருந்து 4.6 மீட்டரில் இருக்க வேண்டும். எங்கள் பழைய கோடு அதைவிட உள்ளே தள்ளி இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியூர் போனால் எங்கள் சீனியர்கள் போட்ட ஃப்ரீ த்ரோ ஏன் ரிங்கைத் தொடாமலே விழுந்தது என்பதும் விளங்கிவிட்டது. மாமா, நீங்கள் கூலிகூட வாங்கவில்லை. இந்த வருடம் நாங்கள் ஜெயித்த ஆட்டங்களில் பல, ஃப்ரீ த்ரோவில் ஜெயித்தவை.

அப்புறம் வாட்ச்மேன் அண்ணாச்சி. பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் ரிங்குக்கு எறிய வேண்டும். எங்களிடம் அதற்கான கடிகாரம் கிடையாது. அண்ணாச்சி செல்போனைப் பார்த்துக்கொண்டு கோட்டோரம் நின்று சத்தமாக எண்ணுவார். ரிங்கில் பட்ட பந்தை மறுபடி நாங்களே பிடித்தால் 14 விநாடிதான் உண்டு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பந்து வந்ததும் பதறி எறிகிற பழக்கம் எங்களை விட்டுப் போனது அவரால்தான். 24 விநாடி எவ்வளவு நீளம் என்று அவர் குரல்தான் எங்களுக்குப் புரியவைத்தது.

பாளையங்கோட்டையில் மாலை நேரம் ஆடுகிற அண்ணன்மார் எங்களுக்குப் பாதி கோர்ட்டை விட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் ஆடுவது 7-ஆம் நம்பர் பந்து. எங்களுக்காகக் கைக்காசு போட்டு, பெண்கள் ஆடுகிற கொஞ்சம் சின்னதான 6-ஆம் நம்பர் பந்து வாங்கி வைத்தார்கள். பிள்ளைகள்தானே என்று விட்டுக்கொடுத்து ஆடாமல், ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடிக்க, இடம் பிடித்து நிற்பதைத் தோளோடு தோள் மோதிக் கற்றுத்தந்தார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய நன்றி ஒன்று உண்டு. எங்கள் அணியை விட்டுப் பாதியில் நின்ற பிள்ளைகளில் பெரும்பாலானோர் நன்றாக ஆடியவர்கள். ஆறு மணிக்கு மேல் வீடு திரும்புவது எப்படி என்பதுதான் அவர்களை நிறுத்தியது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, சரி. பஸ் கிடைக்க வேண்டுமே! சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கத்துப் பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்து வண்டியை நிறுத்தி வைத்த டிரைவர், கண்டக்டர் அண்ணாச்சிமாருக்கும், பஸ் ஸ்டாப்பில் வந்து காத்து நின்ற அம்மாமாருக்கும், அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்விக்கெல்லாம் எங்களுக்காகப் பதில் சொன்ன ஆச்சிமாருக்கும் இந்த அரையிறுதி சொந்தம்.

பயிற்சி முடிந்ததும் சுண்டல் தந்த கேன்டீன் அக்காவுக்கும், வகுப்பு விட்டுப்போன பாடத்தைத் திரும்ப நடத்திய மிஸ்மாருக்கும் நன்றி. அரையிறுதியில் எங்களை ஜெயித்த அணியினருக்கும் நன்றி. எங்கள் பிள்ளைக்குக் கணுக்கால் பிசகியபோது முதலில் ஐஸ் கொண்டு ஓடிவந்தது அவர்கள்தான்.

கோர்ட்டுக்கு விளக்கு போட்டுத் தருவதாக அக்காமார் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இப்போதே நன்றி சொல்லிவிடுகிறோம். ஜூன் மாதம் வருகிற முதலாமாண்டுப் பிள்ளைகளை நேரே கோர்ட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
அணித் தலைவியும் தோழிகளும்