சாம்பிள் எத்தனை என்று கேட்டாயே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உள்வரும் சரக்குச் சோதனை உன் பொறுப்புக்கு வந்த கையோடு "செலவைப் பாதியாக்கு" என்ற உத்தரவும் வந்துவிட்டதா? அது எங்கும் நடப்பதுதான். இப்போது எந்த லாட் (ஒன்றாக வரும் சரக்குத் தொகுதி) வந்தாலும் 10 சதவீதம் எடுத்துப் பார்க்கிறோம், அதை 5 ஆக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஆக்காதே. அந்த 10-ஐயும் விட்டுவிடு.

சதவீதக் கணக்கு பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் சாயம் வெளுத்துவிடும். 2 சதவீதம் பழுதுள்ள சரக்கை எடுத்துக்கொள். 50 உருப்படி லாட்டில் பழுது 1. நீ பார்ப்பது 5. ஒன்று அகப்பட்டாலும் ரிஜெக்ட் என்று வைத்தாலும் அந்த லாட் பாஸாக 90 சதவீத வாய்ப்பு. அதே சரக்கு 1000 உருப்படியாக வந்தால் நீ பார்ப்பது 100. பாஸாகும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம். தரம் ஒன்று, தீர்ப்பு இரண்டு. இதைக் கண்டுகொண்ட சப்ளையர் சரக்கைச் சின்னச் சின்ன லாட்டாக உடைத்து அனுப்ப ஆரம்பிப்பார். நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது சாம்பிளில் எத்தனை உருப்படி என்பதுதான். லாட் சாம்பிளைவிடப் பத்து மடங்காவது பெரிதாக இருந்தால், சாம்பிள் லாட்டில் எத்தனை பங்கு என்பது ஏறக்குறையப் பொருட்டே இல்லை.

எண்ணிக்கைக்கு முன்னால் போடவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. தரக்கட்டுப்பாட்டு அறிஞர் டெமிங் வலியுறுத்தியது. ஓர் உருப்படியைச் சோதிக்க ஆகும் செலவை, ஒரு பழுது உள்ளே தப்பிப் போனால் ஆகும் செலவால் வகு. சோதனைக்கு 1 பங்கு, அசெம்ப்ளி ஆனபிறகு கழற்றி மாற்ற 200 பங்கு என்றால் விடை 0.5 சதவீதம். பழுது விகிதம் எப்போதும் இதற்குக் கீழேயே இருக்கிறதா, சோதனையே நட்டம். எப்போதும் மேலேயா, ஒவ்வொன்றையும் பார்ப்பதுதான் மலிவு. சாம்பிளுக்கு வேலை இருப்பது, தரம் லாட்டுக்கு லாட் இந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் தாவும் இடத்தில் மட்டும். இதைப் பாகத்துக்கு ஒன்று என்று போடாமல் பழுதுக்கு ஒன்று என்று போடு. உனக்கு வரும் மூடியையே எடுத்துக்கொள்: மேல்கீறலுக்கு ஒரு விகிதம், மரை பிடிக்காததற்கு வேறு விகிதம். உன் மேலிடம் கேட்கும் மிச்சத்தில் பெரும்பங்கு இங்கேயே கிடைக்கலாம்.

ஆளுக்கு ஆபத்து தரும் பழுதுக்கு மட்டும் சாம்பிளை நம்பாதே. 300 பார்த்து ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலும், பழுது 1 சதவீதத்துக்குக் கீழே என்றுதான் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடியும். 0.1 சதவீதம் என்று சொல்ல ஏறக்குறைய 3000 பார்க்கவேண்டும்.

இனி அட்டவணை. சாம்பிள் சோதனைக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 2859-1-ல் 3000 உருப்படி லாட்டுக்கு, வழக்கமாக எடுக்கும் பொது நிலை 2-ல் சாம்பிள் 125. ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு, பழுது சதவீதத்தில்) 1.0 என்றால் 3 பழுது வரை ஏற்பு, 4 வந்தால் ரிஜெக்ட். ஏ.க்யூ.எல். 1 என்றதும் 1 சதவீதத்துக்கு மேல் பழுது உள்ளே வராது என்று பர்ச்சேஸ்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். கணக்கு சொல்வது வேறு. 1 சதவீதப் பழுதுள்ள லாட் பாஸாக 96 சதவீத வாய்ப்பு. 2 சதவீதம் என்றால் 76. 3 என்றால் 48. 5 என்றால் 12. நல்ல லாட்டைத் தவறாகத் திருப்பாமல் சப்ளையரைக் காப்பதற்குப் போட்ட எண் அது. உன்னைக் காப்பது, பழுது கூடக்கூடப் பாஸாகும் வாய்ப்பு இறங்கும் இந்த வளைவின் மறுமுனை.

பூஜ்யத் திட்டத்துக்கு மாறலாமா என்றும் எழுதியிருந்தாய்: 42 பார், ஒன்று வந்தாலும் ரிஜெக்ட். சாம்பிள் மூன்றில் ஒரு பங்காகிறது. 5.3 சதவீதப் பழுதுள்ள லாட்டை இரண்டு திட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி, பத்துக்கு ஒன்பது தடவை பிடித்துவிடும். ஆனால் 1 சதவீத லாட்டில் 34 சதவீதம் திரும்பிப் போகும். போகும் ஒவ்வொன்றுக்கும் பிரித்தெடுக்கும் கூலி, வண்டிச் செலவு, லைன் நிற்பது, சண்டை. சப்ளையர் 0.1 சதவீதத்தில் இருந்தால் ரிஜெக்ட் 4 சதவீதம்தான். அங்கே இந்தத் திட்டம் லாபம். 1 சதவீதத்தில் இருப்பவரிடம் சோதனையில் மிச்சம் பிடித்ததை ரிஜெக்டில் கொடுத்துவிடுவாய்.

பலரும் அட்டவணையில் பாதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். தொடர்ந்து வரும் 5 லாட்டுக்குள் 2 ரிஜெக்ட் ஆனால் கடும் சோதனைக்கு மாறவேண்டும்: அதே 125, ஏற்பு 2 வரைதான். அடுத்தடுத்து 5 லாட் பாஸானால் பழையபடி. இதை விட்டுவிட்டால் 2 சதவீதக்காரர் காலமெல்லாம் நாலில் மூன்று லாட்டை உள்ளே தள்ளிக்கொண்டிருப்பார். ரிஜெக்ட் ஆனதைப் பிரிக்காமலே புது லாட் எண் ஒட்டித் திருப்பி அனுப்பும் வழக்கத்தையும் கவனி. 3 சதவீத லாட்டுக்கு முதல் தடவை 48 வாய்ப்பு; இரண்டு தடவை முயன்றால் 73.

எண்ணெல்லாம் சரியாக இருந்தும் எடுக்கும் கையில் கெட்டுப்போகும். 24 பெட்டி, பெட்டிக்கு 125 மூடி. மேலே இருக்கும் பெட்டியைத் திறந்து அப்படியே 125-ஐ எண்ணிவிட்டால், மோல்டிங் மெஷினின் சிறு நேர ஓட்டத்தை மட்டும்தான் பார்த்தாய். ஷிப்ட் முடியும்போது அச்சில் பிசிர் விழ ஆரம்பித்திருந்தால் கடைசி இரண்டு பெட்டியில் 250 மூடியும் கெட்டிருக்கும். உன் தாளில் பூஜ்யம் இருக்கும். பெட்டிக்கு ஐந்து, ஏதேனும் ஐந்து பெட்டியில் மட்டும் ஆறு, மேல் நடு அடி என்று கைவிட்டு எடு. மூடிக்குள் இருக்கும் காவிட்டி (அச்சுக்குழி) எண்ணையும் குறி. 8 காவிட்டி அச்சு என்றால் ஒவ்வொன்றிலிருந்தும் பதினைந்தை ஒட்டி வந்திருக்கவேண்டும். இரண்டு மெஷின் சரக்கை ஒரே லாட்டாக ஏற்காதே.

அளவு பார்க்கும் கேஜையும் பார். துளைக்குள் போகவேண்டிய பக்கம் தேய்ந்துபோன பிளக் கேஜ், சிறுத்த துளையையும் நல்லது என்று சொல்லும். அதை வைத்து 125 பார்த்தாலும் 1250 பார்த்தாலும் விடை ஒன்றுதான்.

கடைசி 20 லாட்டின் பதிவை அனுப்பு: லாட் அளவு, சாம்பிள், எந்தப் பழுது எத்தனை. திரும்பி வந்த லாட்டுகளைச் சிவப்பில் குறித்து வை. அசெம்ப்ளியில் ஒரு மூடியைக் கழற்றி மாற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை லைனில் நின்று கடிகாரம் பார்த்து எழுது; அலுவலகத்தில் கேட்டால் குறைத்துச் சொல்வார்கள்.

அன்புடன்,
உன் நண்பன்