பம்பாய் ஜாஸ் இசைத்தட்டுகள்: 600 பக்கங்களைக் காக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

1935இல் லியான் அபே என்ற ஆப்பிரிக்க அமெரிக்க வயலின் கலைஞர் தம் குழுவோடு பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் வந்து வாசித்தார். சில ஆண்டுகளில் அந்நகரின் மேடைகள் உள்ளூர்க்காரர்கள் கைக்கு வந்தன. 1939 முதல் இருபது ஆண்டுக்கும் மேல் தாஜில் பேண்டை நடத்தியவர் மிக்கி கொரியா. சிக் சாக்லேட் என்று பேர் வாங்கிய கோவாக்காரர் அன்டோனியோ சேவியர் வாஸ் டிரம்பெட்டில் கொடிகட்டினார்; பார்சி வீட்டுப் பிள்ளை ரூடி காட்டன் சாக்ஸபோனில்.

மதுவிலக்கு வந்து ஹோட்டல் வருமானம் சுருங்கியபோது, இவர்களைப் போன்ற பலருக்குச் சோறு போட்டது சினிமா ஸ்டுடியோ. ஆனால் திரைப்பாட்டுத் தட்டின் லேபிளில் பாடியவர் பேர் இருக்கும், இசையமைப்பாளர் பேர் இருக்கும்; ஊதியவர் பேர் இராது. பேண்டு மாஸ்டரின் பேர் லேபிளிலேயே அச்சானது நடன இசைத் தட்டுகளில்தான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தப் பழைய தட்டுகளில் 300ஐ, அதாவது 600 பக்கங்களை, முறையாக டிஜிட்டல் பதிவாக்குவது எங்கள் குழுவின் திட்டம். தேவை ரூ.6,00,000.

ஒரு பிளேயரை வாங்கி ஓடவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பின்னாளில் வந்த எல்.பி. தட்டுக்கான ஊசியின் நுனி ஏறத்தாழ 0.7 மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 0.7 பங்கு. 78 தட்டின் பள்ளத்துக்கு வேண்டியது 3 மில் அளவு. சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் போய் விழுந்து அங்குள்ள அழுக்கைத்தான் படிக்கும். அந்தக் காலத்து எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றியிருக்க வேண்டும். சிக்கனம் பார்த்து ஒரே ஊசியில் பத்துப் பக்கம் கேட்ட வீடுகளே அதிகம். அதனால் பள்ளத்தின் சுவர் ஓர் உயரத்தில் தேய்ந்திருக்கும், சற்று மேலேயோ கீழேயோ பழுதில்லாமல் இருக்கும். 2.5 முதல் 3.5 மில் வரை ஆறு ஊசிகள் கேட்பது அந்தத் தேயாத இடத்தைப் பிடிக்கத்தான். ஒலி மோனோ, அதாவது இரு சுவரிலும் ஒன்றேதான் என்றாலும் இரண்டு சுவர்களையும் தனித்தனியாகப் பதிவோம். பிறகு நல்ல சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வேகமும் ஏமாற்றும். ‘78’ என்று அச்சிட்டிருந்தாலும் பதிவான வேகம் முன்பின் இருக்கலாம். ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் உள்ள பேண்டுகளுக்குக் கைவாகானவை பி ஃபிளாட், ஈ ஃபிளாட் போன்ற சுருதிகள். தட்டு ஈ மேஜரில் ஒலித்தால் முதலில் வேகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். வேகத்தைத் திருத்தக்கூடிய டர்ன்டேபிள், அதோடு இசை தெரிந்த காது, இரண்டும் வேண்டும்.

செலவு இப்படி: டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபயர், டிஜிட்டல் மாற்றி ரூ.2,10,000, ஊசிகள் ரூ.90,000, தொழில்நுட்பர் கூலி பக்கத்துக்கு ரூ.400 வீதம் ரூ.2,40,000, அமிலமற்ற காகித உறைகள் ரூ.18,000, மூன்று ஹார்டு டிஸ்க் ரூ.27,000, எதிர்பாராச் செலவு ரூ.15,000. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த பதிவுத் தரத்தில் மூன்று நிமிடப் பக்கம் ஒன்று 105 எம்.பி.க்குள் அடங்கும். ஆக 600 பக்கமும் 65 ஜி.பி.கூட வராது. டிஸ்க் பெரிய செலவில்லை. கூலிதான் பெரிது, அதைக் குறைக்க நாங்கள் விரும்பவில்லை. கழுவி, உலர்த்தி, ஊசி தேர்ந்து, லேபிளையும் நடுவளையத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணையும் (பதிவை அடையாளம் காட்டும் எண்) படமெடுக்க ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

ரூ.1,000 தந்தால் ஒரு பக்கம் உங்கள் கணக்கில். எங்களிடம் 80ஜி வரிவிலக்குச் சான்று இல்லை, முன்பே சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டுப் பங்களிப்புப் பதிவும் இல்லாததால் வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் பணம் வாங்க இயலாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர்கள் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பலாம். ரசீது தராத யாரிடமும் எங்கள் பேரில் பணம் கொடுக்காதீர்கள்.

ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். மெட்டமைத்தவரின் உரிமை வேறு கணக்கு; அவர் இறந்து 60 ஆண்டுகள் ஆகும்வரை அது நீடிக்கும். இரண்டும் முடிந்த பக்கங்களை மட்டுமே இணையத்தில் இலவசமாக வைப்போம். மற்றவை ஆய்வாளர்கள் நேரில் வந்து கேட்க.

பணமில்லாதவர்கள் தட்டுத் தரலாம். மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில்தான் கிடைக்கும் என்றில்லை. பெரம்பூர், பொன்மலை போன்ற ரயில்வே காலனிகளின் பழைய ஆங்கிலோ இந்திய வீடுகளிலும் இருக்க வாய்ப்புண்டு. கிடைத்தால் ஸ்பிரிட்டோ சென்ட்டோ போட்டுத் துடைக்காதீர்கள். தட்டு அரக்கால் ஆனது. தச்சர்கள் பாலிஷுக்கு அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான். படுக்கையாக அடுக்க வேண்டாம், புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். உடைந்திருந்தால் பசையும் செலோடேப்பும் வேண்டாம். சில்லு உட்பட எல்லாத் துண்டையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள், சேர்த்துப் பொருத்தி ஓட்டிவிடலாம்.

இப்படிக்கு,
குழுவினர்