வலிக்கவில்லை என்று விட்டுவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு ஆபீஸ் கதைக்குப் போய்விட்டாய். "கீழே ஒரு கட்டி மாதிரி இருக்குப்பா, வலி ஒன்னும் இல்ல, விடுங்க" என்றாய். அதன் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் பேசினால் இருவருக்கும் கூச்சம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குச் சொல்லாத கதை ஒன்று உண்டு. நீ பிறந்த வருஷம் எனக்கும் ஒரு பக்கம் விரைப்பை வீங்கியது. வலி இல்லை. கும்பகோணத்தில் அப்போது யானைக்கால் நோய் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாக்கடையில் வளரும் கொசு பரப்புகிற புழு, நிணநீர்க் குழாய்களில் தங்கிக் கெடுத்துவிடும். ஆண்களுக்கு விரைப்பையில் நீர் கோத்து ஓதமாகவும் வரும். ராத்திரியில்தான் அந்தக் கிருமி ரத்தத்தில் ஓடும் என்று ஆட்கள் டார்ச்சோடு வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அப்படியிருந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டினேன். கடைசியில் உன் அம்மா கண்டுபிடித்துத்தான் இழுத்துப் போனாள். டாக்டர் அறையை இருட்டாக்கி, வீக்கத்தின் மேல் டார்ச்சை வைத்தார். உள்ளே சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது. "தண்ணிதான், பயப்படாதீங்க" என்றார். சின்ன ஆபரேஷன், அவ்வளவுதான். ஆனால் அது வெறும் தண்ணீராக இருந்தது என் அதிர்ஷ்டம். மூன்று வருஷம் காத்திருந்தது என் முட்டாள்தனம்.

ஏனென்றால், விரையில் வருகிற புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது. 15 வயதிலிருந்து 40 வயதுக்குள்தான் அது அதிகம் வருகிறது. வயசானவர்களுக்கு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இன்று காலை நம் டாக்டரிடம் போய், உன் பெயரைச் சொல்லாமல் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வந்தேன்.

வெந்நீரில் குளித்தபின் தோல் தளர்ந்திருக்கும்போது, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் ஒவ்வொரு விரையையும் மெல்ல உருட்டிப் பார். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் கீழே தொங்குவது சகஜம். பின்பக்கம் கயிறு மாதிரி மெத்தென்று ஒன்று தட்டுப்படும். அது எல்லோருக்கும் இருக்கிற குழாய், அதைக் கட்டி என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. விரையை விட்டுத் தனியாக, உருண்டையாக நகர்கிற கட்டி பெரும்பாலும் நீர்க்கட்டி. மேலே புழுக்கள் சுருண்ட மாதிரி இருந்தால் ரத்தக் குழாய் வீக்கம். அது இடப்பக்கம்தான் அதிகம் வரும், படுத்தால் வடியும். வலப்பக்கம் மட்டும் வந்தாலோ, படுத்தும் வடியாவிட்டாலோ டாக்டர் பார்க்க வேண்டும். இருமினால் இறங்கி, படுத்தால் உள்ளே போனால் குடலிறக்கம். விரையிலேயே கல் மாதிரி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தாலோ, ஒரு விரை பெரிதாகிக் கனத்தாலோதான் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒன்று சொல்கிறேன்: தடவிப் பார்த்து நீயே முடிவு கட்டாதே. எதுவாக இருந்தாலும் ஸ்கேன்தான் சொல்லும். யூராலஜி டாக்டரிடம் போ. தொட்டுப் பார்ப்பார், வயிற்றுக்கு எடுக்கிற மாதிரியே வலியில்லாத ஸ்கேன், சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை. யாராவது விரைப்பையில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதே. புற்றுநோயாக இருந்தால் அந்த வழியாகப் பரவலாமாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தவும் வேண்டாம்.

கெட்டதே வந்தாலும் உடைந்து போகாதே. யுவராஜ் சிங்குக்கு வந்ததும் இதே குடும்பத்துக் கட்டிதான், இடம் மட்டும் நெஞ்சுக்குள். 2012 தொடக்கத்தில் கீமோ எடுத்தவர் அதே செப்டம்பரில் இந்தியாவுக்கு ஆடினார். ஆரம்பத்தில் பிடித்தால் நூறில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிவிடுகிறார்கள். ஒரு விரையை எடுத்தாலும் மற்றது நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும், பிள்ளை பிறக்கும், ஆண்மை குறையாது. கீமோ தேவைப்பட்டால் முன்கூட்டியே விந்தைச் சேமித்து வைக்கக் கேள்.

இன்னொன்று, கோபப்படாதே. உறுப்பின் மேல் வலியில்லாத புண் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் காட்டு. அது சிபிலிஸ் என்கிற பால்வினை நோயாக இருக்கலாம். சில வாரங்களில் தானே ஆறிவிடும், நோய் மட்டும் உள்ளே இருக்கும். பென்சிலின் ஊசியில் சரியாகிற விஷயம். எப்படி வந்தது என்று அப்பா கேட்க மாட்டேன். அப்புறம், விரை திடீரென்று தாங்க முடியாமல் வலித்தால், நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு. விரை உள்ளே முறுக்கிக்கொண்டிருந்தால் அதைக் காப்பாற்ற ஆறு மணி நேரம்தான் கைவசம்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போ. ஸ்கேன் முடிந்ததும் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. தனியாகப் போகக் கஷ்டமாக இருந்தால் ஒரு வார்த்தை சொல், புனேவுக்கு அன்றைக்கே ரயில் ஏறிவிடுவேன்.

அன்புடன்,
அப்பா