ஆணுறுப்புச் சுருக்கமும் சுவரொட்டி வைத்தியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் 31 ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கடை சாத்தும் நேரம் வரை எதிர்ச்சாரியில் நின்றிருந்துவிட்டு, கூட்டம் கலைந்ததும் கல்லாவருகே வந்து, "அண்ணா, முன்ன மாதிரி இல்ல, சின்னதாயிட்டே போவுது" என்று தாழ்ந்த குரலில் சொன்ன ஆண்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே வேலூர்ப் பேருந்து நிலையச் சுவரொட்டியை நம்பி, ஏதோ ஒரு விடுதி அறையில் லேகியத்துக்குப் பணம் கட்டிவிட்டு வந்தவர்கள்.

குளிரிலும் பதற்றத்திலும் உறுப்பு சுருங்கிப் பின் இயல்புக்குத் திரும்புவது நோயன்று. தொப்பை பெருத்தவர்களுக்கு அடிவயிற்றுக் கொழுப்பு உறுப்பின் அடிப்பகுதியை மூடிவிடுவதால் நீளம் குறைந்ததாகத் தோன்றும். அவர்களுக்கு எடைக்குறைப்பே முதல் மருந்து. வயது ஏற ஏற இரத்த ஓட்டமும் தசையின் நெகிழ்வும் குறைவதால் சிறிதளவு சுருக்கம் ஏற்படுவதுண்டு. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் அதை விரைவுபடுத்துகின்றன. பீடி சுற்றிப் பிழைக்கும் ஊரிலிருந்துகொண்டு இதை எழுதுவது சங்கடந்தான்.

உறுப்பின் உள்ளிருக்கும் உறைத் திசுவில் தழும்பு கட்டி, விறைக்கும்போது வலியும் வளைவும் தருகிற பெய்ரோனி நோயை நம்மவர்கள் அறிவதே இல்லை. அதை மறைத்து வைக்காமல் தொடக்கத்திலேயே சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் காட்டினால், மருந்து, இழுவைக் கருவி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என வழிகள் உண்டு. புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுமையாக அகற்றிக்கொண்டவர்களில் பலருக்கு ஓரிரு சென்டிமீட்டர் வரை நீளம் குறையலாம். இதை மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு வரும் மனவேதனை பாதியாகும். விறைப்பை மீட்கும் மாத்திரைகளும் வெற்றிடக் கருவியும் அவர்களுக்கு ஓரளவு கைகொடுக்கின்றன.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. உறுப்புக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியவை என்பதால், அடைப்பின் விளைவு அங்கே முதலில் தெரியலாம். ஆகவே விறைப்புக் குறைவு, மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னரே வரும் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் சோதித்திருக்க வேண்டிய அந்தக் காலத்தைத்தான் லேகியக்காரர்கள் விழுங்கிவிடுகிறார்கள். போதாததற்கு, மூலிகை என்று விற்கப்படும் சரக்குகளில் விறைப்புக்கான ஆங்கில மருந்தான சில்டெனாபில் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் அறியாமல் அதை உட்கொண்டால் இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உறுப்பின் அளவையும் வடிவையும் கூட்டுவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடுத்திருக்கிறது. அப்படியிருந்தும் தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில், "சிறுத்த உறுப்பு பெருக்கும்" என்ற வாசகத்தைச் சென்ற மாதம் மட்டும் நான்கு முறை கண்டேன். அவற்றை நிறுத்துமாறும், அதே இடத்தில் ஒரு நாளாவது, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ வேறு மருத்துவமனையிலோ பணிபுரியும் சிறுநீரியல் மருத்துவர் ஒருவரை இதுபற்றி எழுத வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.