லைன் கிளியர் கேட்காத வண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த உலகத் திகில் கதைகள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எட்கர் ஆலன் போ, ஸ்டோக்கர், லவ்கிராஃப்ட் என்று எழுதியவர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அதில் வரும் அத்தனை பேரும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள். போலந்து, பெல்ஜியம், ஆஸ்திரியா பக்கம் ஒரு வரிகூடப் போகவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

நான் 34 ஆண்டுகள் ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்தவன். பெரும்பாலும் சிங்கிள் லைன், அதாவது போகவும் வரவும் ஒரே தண்டவாளம் உள்ள ஸ்டேஷன்கள். ஓய்வு பெற்ற மறு வருஷம் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடை ஒன்றில் அட்டை நைந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பெயர் 'தி டார்க் டொமைன்'. இங்கிலாந்தின் டெடலஸ் என்ற சிறு பதிப்பகம் 1993-இல் வெளியிட்டது. எழுதியவர் ஸ்டெஃபான் கிராபின்ஸ்கி, போலந்து மொழிக்காரர். ரயில் கதைகள் இருப்பதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அதில் ஒரு கதையில், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு ரயில் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கிருந்து கிளம்பியது, எங்கே போகிறது, யாருக்கும் தெரியாது. ரயில்வே அதிகாரிகள் கதிகலங்கிப் போகிறார்கள். மற்றவர்களுக்கு இது ஒரு பேய்க்கதை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டு லைன் கிளியர், அதாவது பாதை காலியாக இருக்கிறது என்ற அனுமதி வாங்கி, அதற்கு அடையாளமாகப் பிரைவேட் நம்பர் என்ற ரகசிய எண்ணை மாற்றிக்கொண்டு, ரிஜிஸ்டரில் நேரம் எழுதி, அதற்குப் பிறகுதான் ஒரு வண்டியை விடுவோம். அந்தக் கட்டுப்பாடு ஒன்றை நம்பித்தான் நூற்றுக்கணக்கான ஜனங்கள் பெட்டிக்குள் தூங்குகிறார்கள். லைன் கிளியர் கேட்காமல் ஒரு வண்டி வருகிறது என்றால், கோரைப்பல் வைத்த எந்தப் பிசாசும் அந்தப் பயத்துக்கு ஈடாகாது.

இவ்வளவும் எழுதியவர் ரயில்வேக்காரர் இல்லை. பள்ளிக்கூட ஆசிரியர். 1887-இல் பிறந்து, காசநோயோடு போராடி, 1936-இல் லுவோவ் நகரத்தில் வறுமையில் இறந்தார். அன்று போலந்தில் இருந்த அந்த ஊர் இன்று உக்ரைனின் லிவிவ். 1919-இல் வந்த அவருடைய ரயில் கதைத் தொகுப்பை, 'இயக்கப் பிசாசு' என்று தமிழில் சொல்லலாம், பிறகு முழுவதுமாகத் தேடிப் படித்தேன். பயணிகளுக்காகத்தான் ரயில் ஓடுகிறது என்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரு கண்டக்டர் அதில் வருகிறார். ரயில் ரயிலுக்காகவே ஓட வேண்டும், ஜனங்கள் அதற்கு இடைஞ்சல் என்பது அவர் எண்ணம். விபத்து நடக்கப்போகிறது என்றால் அழுக்குப் படிந்த ஓர் உருவம் அவர் கண்ணில் படும். தண்டவாளத்தின் மேல் அந்த மாதிரி வெறிகொண்ட மனிதர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் கதையை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

கிராபின்ஸ்கி ஆங்கிலத்துக்கு வந்தது பெரும்பாலும் மிரோஸ்லாவ் லிபின்ஸ்கி என்ற ஒரே மொழிபெயர்ப்பாளரின் பல வருஷ உழைப்பால். இந்த இடத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த வகை இலக்கியத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது பெரிய நிறுவனங்கள் இல்லை. ஒரு மொழிபெயர்ப்பாளரும் ஒரு சிறு பதிப்பகமும் சேர்ந்தால்தான் ஓர் எழுத்தாளர் எல்லை தாண்டுகிறார். ஆஸ்திரிய எழுத்தாளர் குஸ்டாவ் மேரிங்கின் ஐந்து நாவல்களையும் ஜெர்மனிலிருந்து மைக் மிட்செல் ஒருவரே மொழிபெயர்த்தார். அவற்றையும் போட்டது டெடலஸ்தான். 2008-இல் அரசுக் கலை நிதி கைவிட்டபோது அந்தப் பதிப்பகமே மூடவேண்டிய நிலை வந்தது. வேறோர் பதிப்பு நிறுவனம் இரண்டு வருஷத்துக்குக் கைகொடுத்ததால் தப்பியது.

பெல்ஜிய எழுத்தாளர் ழான் ரேயின் கதையும் இப்படித்தான். கிராபின்ஸ்கி பிறந்த அதே 1887-இல் கெண்ட் நகரத்தில் பிறந்தவர். பணமோசடி வழக்கில் 1926-இல் கைதாகிச் சிறைக்குப் போனார். அவருடைய மிகச் சிறந்த இரண்டு கதைகள் சிறையில் எழுதியவை. ஒன்றில், ஹாம்பர்க் நகரத்தில் ஒரே ஒருவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு சந்து வருகிறது. அந்தக் கதைகள் இருக்கும் 1932-ஆம் வருஷத்துத் தொகுப்பை அமெரிக்காவின் வேக்ஃபீல்ட் பிரஸ் 2019-இல்தான் ஸ்காட் நிக்கோலே மொழிபெயர்ப்பில் கொண்டுவந்தது. கணக்குப் பாருங்கள், 87 வருஷம்.

ருஷ்ய நாவல்களும் லத்தீன் அமெரிக்கக் கதைகளும் தமிழுக்கு வந்ததில் உங்களைப் போன்ற பத்திரிகைகளுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. இந்தக் கதைகளுக்கும் அந்த இடத்தைக் கொடுங்கள் என்று கேட்கிறேன். கிராபின்ஸ்கி இறந்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் போலந்து மூலத்துக்குக் காப்புரிமை இல்லை. ஆங்கிலம் வழியாகச் செய்வதென்றால் மொழிபெயர்ப்பாளர் லிபின்ஸ்கியிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்பதுதான் முறையும்கூட. வெளியிடும்போது தமிழாக்கம் செய்தவர் பெயரை அட்டையிலேயே போடுங்கள்.

யாராவது முன்வந்தால் ரயில்வே சொற்களுக்கு நான் உதவுகிறேன். எந்தச் சொல்லைத் தமிழாக்கலாம், எதை எங்கள் ஆட்கள் சொல்வதுபோல் ஹோம் சிக்னல், லூப் லைன், டோக்கன் என்று அப்படியே விடவேண்டும் என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக் கொடுக்க எனக்கு நேரம் இருக்கிறது. முகவரி உங்கள் அலுவலகத்தில் உள்ளது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்,
விருத்தாசலம்.