எங்கே மக்கும் என்றும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சோள மாவிலும் வாழைப்பழத் தோலிலும் பிளாஸ்டிக் செய்வது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். வேதியியல் நடத்துகிறவன் என்பதால் மாணவர்களோடு சேர்ந்து செய்தும் பார்த்திருக்கிறேன். மாவுச்சத்தைத் தண்ணீரில் கலக்கி, கொஞ்சம் வினிகரும் கிளிசரினும் விட்டு, கஞ்சிப் பதத்துக்குக் காய்ச்சித் தட்டில் ஊற்றிக் காயவிட்டால் மெல்லிய தாள் வந்துவிடும். ஒரு தடவை கிளிசரினை மறந்துபோனோம். காய்ந்த தாள் சருகாக நொறுங்கியது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை வளைய விடுவது கிளிசரின்தான் என்பதை அன்றைக்கு நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, தாள் வந்துவிட்டது. அதன்மேல் தண்ணீர் பட்டால்? ஊறிக் கொழகொழத்துவிடும். கட்டுரை தொடாமல் விட்ட இடம் இதுதான். நீரை இழுக்கும் குணம் இருப்பதால்தான் நுண்ணுயிர்கள் அதைச் சுலபமாகத் தின்கின்றன. அதே குணத்தால்தான் அது பையாக நிலைப்பதில்லை. அதனால் தொழிற்சாலையில் மாவுச்சத்தோடு பிபேட் என்ற பாலியெஸ்டரைச் சேர்க்கிறார்கள். அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனாலும் மக்கும். கரும்பு எத்தனாலில் செய்த பாலித்தீனோ செடியிலிருந்து வந்தும் மக்காது! ‘தாவரப் பிளாஸ்டிக்’, ‘மக்கும் பிளாஸ்டிக்’ இரண்டையும் ஒன்றாகவே கட்டுரையாளர் எழுதிவிட்டார்.

மக்கும் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரத்தின்படி, பொருளின் கார்பனில் 90 விழுக்காடு 6 மாதத்துக்குள் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். ஆனால் அந்தச் சோதனை நடப்பது 58 டிகிரி செல்சியஸ் வாக்கில், பெரிய உரக்கூடத்தின் சூட்டில். தோட்டத்து மண்ணுக்கும் கடலுக்கும் அந்தச் சூடு ஏது? 2019-இல் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், உரமாகும் என்று விற்ற பை 27 மாதம் கழித்தும் மண்ணுக்குள் கிடந்தது. (அதே பை கடல்நீரில் 3 மாதத்தில் காணாமல் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

எங்கள் தாளையும், ‘மக்கும்’ என்று அச்சிட்ட கடைப் பை ஒன்றையும் பூந்தொட்டியில் புதைத்திருந்தோம். ஒரு மாதம் கழித்துத் தோண்டியபோது தாளைக் காணோம். பையின் எழுத்துகூட அழியவில்லை. அடுத்த முறை இதைப்பற்றி எழுதும்போது எந்தச் சூட்டில், எந்த இடத்தில், எத்தனை நாளில் மக்கும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்